எல்லைப்புறத்தில் புனிதர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையை மதிலென்று சொல்வது நம் வழக்கம். ஆனால் அந்த மதிலில் ஒரு பெரிய வாயில் உண்டு. கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விலகி நிற்கிறது. காற்றும் வணிகரும் படைகளும் பன்னெடுங்காலமாக அவ்வழியே போய்வந்தன. தெற்கே, மூணாறு, தேவிகுளம், மறையூர், பீருமேடு ஆகிய இடங்களைக் கொண்ட இடுக்கி மலைநாட்டில் இத்தகைய அகன்ற வாயில் இல்லை. ஆயினும் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் உடுமலைப்பேட்டையிலிருந்தும் மலையேறிய மக்கள் அங்கே தமிழைக் கொண்டு சென்று குடியமர்த்தினர். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இவ்விரு பகுதிகளும் கேரளத்தில் சேர்ந்தன. அங்குள்ள தமிழ் மக்கள் வீட்டில் ஒரு மொழியும் அலுவலகத்தில் வேறொரு மொழியுமாக வாழக் கற்றுக்கொண்டனர்.

இம்மக்களுள் கிறிஸ்தவர் கணிசமானோர். அவர்களுடைய கோவில்களில் நாம் காணும் சுரூபங்கள் பல தேசத்தவருடையவை. உரோமாபுரிப் போர்வீரராகிய செபஸ்தியார் அம்புகள் தைத்த உடலோடு நிற்கிறார். லிஸ்பன் நகரில் பிறந்து பதுவையில் மறைந்த அந்தோணியார் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கிறார். அண்மைக் காலத்தில் நம் நாட்டு முகங்களும் அவர்களருகே இடம்பெற்றுள்ளன. இப்புனிதர்களிடம் மக்கள் கேட்பவை பல: நோய் நீக்கம், மழை, வேலை, மகளுக்கு நல்ல வரன். கேட்பது இயல்பே. ஆனால் இவர்களிடமிருந்து கற்றது என்ன என்பது வேறொரு கேள்வி. அக்கேள்வியைச் சரித்திரத்தின் துணைகொண்டு நாம் இங்கே ஆராய்வோம்.

முதலில் சொல்லைப் பற்றிச் சில வார்த்தைகள். பழைய தமிழ்க் கத்தோலிக்க நூல்கள் இவர்களை அர்ச்சியசிஷ்டர் என்று அழைத்தன. இன்று புனிதர் என்கிறோம். விசுவாசத்துக்காக உயிர் நீத்தவரை வேதசாட்சி என்பர். ஒருவரைப் புனிதரென்று திருச்சபை அறிவிக்கும் முறை நீண்டது. இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், முத்திப்பேறு பெற்றவர், புனிதர் எனப் படிகள் நான்கு. ஒருவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும் சாட்சிகளையும் துருவி ஆராய்ந்த பின்னரே படி உயரும். இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? அவருடைய வாழ்வு மற்றவர் பின்பற்றத் தக்கதா என்று தெளிவதற்காகவே. 1964 நவம்பர் 21ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய சாசனமும், புனித வாழ்வுக்கு அழைக்கப்பட்டோர் துறவியர் மட்டுமல்லர், இல்லறத்தாரும் உழைப்பாளரும் அவ்வழைப்பைப் பெற்றோரே என்று தெளிவாகக் கூறிற்று. சீர்திருத்த சபையினர் புனிதர்களிடம் மன்றாடுவதில்லை. ஆயினும் பரிசுத்தவான்களின் ஐக்கியத்தை விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகின்றனர். முன்னோரின் நல்வாழ்வு பின்னோர்க்குப் பாடம் என்பதில் இரு சாராருக்கும் வேற்றுமை இல்லை.

இனி, பாலக்காட்டுப் பக்கம் விசுவாசம் பரவிய வரலாற்றைக் காண்போம். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி ராபர்ட் தெ நொபிலி, தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவ போதகர் என்ற பெயருடன் வாழ்ந்தார். அவர் வளர்த்த மதுரை வேத போதக சபை 17ஆம் நூற்றாண்டில் கொங்கு நாட்டிலும் கால்கொண்டது. கருமத்தம்பட்டி அதன் பழைய நிலையங்களுள் ஒன்று. கொங்கு நாட்டையும் பாலக்காட்டுச் சமவெளியையும் மலைவாயில் இணைத்தமையால், பாலக்காட்டுத் தமிழ்ப் பங்குகள் நெடுங்காலம் கோயம்புத்தூரையே தலைமை இடமாக நோக்கி வாழ்ந்தன. 2013 டிசம்பர் 28ஆம் நாள்தான் பாலக்காடு மாவட்டத்து இலத்தீன் முறைக் கத்தோலிக்கருக்கென்று சுல்தான்பேட்டை மறைமாவட்டம் தனியே நிறுவப்பட்டது. அதன் தலைமைக் கோவில் செபஸ்தியார் பெயரால் விளங்குகிறது.

கோயம்புத்தூர் வரலாற்றில் நாம் மறக்கலாகாத ஒருவர் மெல்கியோர் தெ மாரியோன் பிரேசிலாக் என்னும் பிரெஞ்சுக்காரர். 1850இல் கோயம்புத்தூர் தனி ஆட்சிப் பகுதியானபோது அதன் பொறுப்பேற்ற மேற்றிராணியார் அவர். இந்நாட்டிலேயே பிறந்தவர்கள் குருக்களாகவும் தலைவர்களாகவும் உயர வேண்டும். அந்நியர் ஒருநாள் விலகிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. சாதி வழக்கங்களைச் சபை எந்த அளவு ஏற்கலாம் என்ற கேள்வியும் அவர் மனச்சாட்சியை உறுத்திற்று. உடன் ஊழியர் பலர் அவரோடு ஒத்துப்போகவில்லை. 1855இல் அவர் பதவி துறந்தார். மறு ஆண்டு ஆப்பிரிக்க வேதபோதகத்துக்கென ஒரு சபையை நிறுவினார். 1859இல் சியாரா லியோன் நாட்டுக்குச் சென்று இறங்கிய ஆறு வாரங்களுக்குள் மஞ்சள் காய்ச்சலுக்கு இரையானார். உலகம் இதைத் தோல்வி என்றே எழுதும். ஆனால் திருச்சபை 2020இல் அவரை வணக்கத்துக்குரியவரென அறிவித்தது. அவர் விரும்பியபடி இந்நாட்டவரே இன்று மேற்றிராணியாராக விளங்குகின்றனர். விதைத்தவன் அறுவடையைக் காணாமலே போகலாம் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

மலைநாட்டின் கதை வேறு வகையானது. அங்கே விசுவாசத்தைக் கொண்டு சென்றவர்களுள் பெரும்பாலோர் கூலிகளே. 1877இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்பவர் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். காடு திருத்தப்பட்டது, காப்பியும் சிங்கோனாவும் சோதித்துப் பார்க்கப்பட்டன, முடிவில் தேயிலை வென்றது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி மலையேற்றினர். வந்தவர்களுள் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருந்தனர். கிறிஸ்தவர்கள் செபமாலையையும் ஊர்ப் புனிதரின் நினைவையும் உடன் கொண்டு வந்தனர். 1898இல் மூணாற்றில் கார்மேல் அன்னையின் கோவில் தொடங்கியது. ஸ்பெயின் தேசத்துக் கார்மேல் சபைத் துறவி அல்போன்ஸ் மரியா அதைத் தொடங்கினார். அக்கோவில் 2024இல் பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதியைப் பெற்றது. அதே ஊரில் 1911இல் கட்டி முடிந்த கிறிஸ்து ஆலயம் சீர்திருத்த சபையாரின் பழங்கோவில். அதன் குன்றில் உள்ள முதற் கல்லறை, 1894இல் வாந்திபேதி நோயால் மறைந்த இளம் ஆங்கிலப் பெண்மணி எலினர் நைட்டினுடையது. மலைக்குளிரும் கொள்ளைநோயும் துரையென்றும் கூலியென்றும் பார்க்கவில்லை.

இவ்வுழைப்பாளர் பெரிதும் நம்பியிருக்கும் புனிதருள் அந்தோணியார் முதன்மையானவர். செவ்வாய்க்கிழமை நவநாள் நடக்காத தமிழ்ப் பங்கு அரிது. தொலைந்த பொருளைக் கண்டெடுத்துத் தருபவர் என்றே மக்கள் அவரை அறிவர். ஆனால் அவருடைய சரித்திரத்தில் இன்னொரு செய்தி உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இத்தாலிய நகரங்களில் வட்டித்தொழில் கொடிகட்டிப் பறந்தது. கடனைத் தீர்க்க இயலாதவன் சிறையில் அடைபட்டான். அந்தோணியார் தம் பிரசங்கங்களில் வட்டிக்காரரைக் கடுமையாகச் சாடினார். அதோடு அமையாமல், கடன்பட்டோருக்காக நகர ஆட்சியாளரிடம் வாதாடினார். 1231 மார்ச் 15ஆம் நாள் பதுவை நகரம் அவர் வேண்டுகோளின்பேரில் ஒரு சட்டம் செய்தது. தன் உடைமையைக் கடனுக்காக ஒப்படைத்து விட்டவனை அதற்குமேல் சிறையில் வைக்கலாகாது என்பது அதன் சாரம். மூன்று மாதங்களுக்குள், ஜூன் 13ஆம் நாள், அவர் மறைந்தார். ஓராண்டு நிறைவதற்குள் புனிதரென அறிவிக்கப்பட்டார்.

இச்செய்தியை மலைத்தோட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டே குடும்பங்கள் மலையேறின. வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் கடன் கணக்கில் ஏறின. ஆண்டு முழுதும் கொழுந்து பறித்தும் கணக்கு தீரவில்லை. தீராத கணக்கு மனிதனை லயத்தில் கட்டிப்போட்டது. கடனுக்கு எதிராகப் போராடியவரின் சுரூபத்தின் முன்னே கடன்பட்டவர் மெழுகுவத்தி ஏற்றினர்; ஆனால் அவருடைய இப்பக்கத்தை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? கங்காணி முறை பின்னர் ஒழிந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகளின் கல்வி ஆகியவற்றை நிருவாகத்தின் கடமையாக்கிற்று. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் பெண்பிளை ஒருமை என்ற பெயரில் ஒன்றுகூடி, போனசும் நியாயக் கூலியும் கேட்டுத் தெருவில் அமர்ந்தனர். அது எம்மதத்தின் இயக்கமும் அன்று. ஆயினும் பதுவை நகர மன்றத்தில் ஏழைக்காக வாதாடியவரை அறிந்தோர்க்கு, அப்பெண்களின் குரல் அந்நியமாகத் தோன்றாது.

அடுத்து செபஸ்தியார். இவரைப் பற்றிய உறுதியான சரித்திரக் குறிப்பு சிறியது. உரோமாபுரியில் வேதசாட்சியாக மாண்டார், கி.பி. 354ஆம் ஆண்டின் பழைய நாட்குறிப்பு ஜனவரி 20ஆம் நாளை அவருக்குரியதாகக் காட்டுகிறது. மற்றவை பிற்காலத்தில் எழுதப்பட்ட சரிதையிலிருந்து நாம் அறிபவை. அதன்படி அம்புகள் அவர் உயிரைப் போக்கவில்லை. இறந்தார் என்று விட்டுப்போன உடலை அடக்கம் செய்ய வந்த இரேனாள் என்னும் விதவை, மூச்சு இருப்பதைக் கண்டு வீட்டுக்கு எடுத்துச் சென்று புண்களை ஆற்றினாள். நலம்பெற்றவர் ஓடி ஒளியாமல் அரசன் முன் மீண்டும் சென்று நின்றார். அப்போதுதான் அடித்துக் கொல்லப்பட்டார். அம்பு கொள்ளைநோயின் அடையாளமாகக் கருதப்பட்டமையால், பெருநோய்க் காலங்களில் ஐரோப்பியர் அவரை வேண்டினர். அவ்வழக்கம் கேரளத்துக்கும் வந்தது. ஜனவரி மாதத்தில் அம்புப் பெருநாள் கொண்டாடாத சிற்றூர் அங்கே குறைவு.

கொள்ளைநோய்க்குச் செபஸ்தியாரை நாடியவர்கள் இரேனாளையும் நினைக்க வேண்டும். அம்பு தைத்தவனுக்குப் பணிவிடை செய்ய ஒரு கை வேண்டியிருந்தது. அக்கையின் பணியைத் திருச்சூர் மாவட்டத்துப் புத்தன்சிறையில் ஒரு பெண் ஏற்றார். 1876இல் பிறந்த மரியம் திரேசியா, பெண்கள் துணையின்றி வெளியே செல்வது வழக்கமில்லாத காலத்தில், தோழியர் சிலருடன் வீடு வீடாகச் சென்றார். அம்மை கண்டோரையும் தொழுநோயாளரையும், உறவினர் கைவிட்ட நிலையிலும் பேணினார். 1914இல் திருக்குடும்ப சபையை நிறுவினார்; 1926இல் மறைந்தார்; 2019 அக்டோபர் 13ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார். அவருக்கு முன் 2008இல் அல்போன்சாவும் 2014இல் குரியாக்கோஸ் சாவறையும் எவுப்பிராசியாவும் அந்நிலையை அடைந்தனர். சாவறை 1864இல் ஒவ்வொரு கோவிலோடும் ஒரு பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டவர். அல்போன்சா நோய்ப்படுக்கையில் பொறுமையையே தம் தொண்டாகக் கொண்டு 1946இல் தம் 36ஆம் வயதில் பரணங்கானத்தில் மறைந்தவர். பரணங்கானம், மீனச்சில் ஆற்றின் கரையில், இடுக்கி மலைநாட்டின் மேற்கே இருக்கும் ஊர்.

எல்லைப்புறத் தமிழருக்கு எல்லாரினும் நெருங்கியவராக நாம் கருதுவது தேவசகாயம் அவர்களை. அவரே எல்லைநாட்டு மனிதர். 1712இல் நட்டாலத்தில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சார்ந்தது. 1956 முதல் தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. நீலகண்ட பிள்ளை என்பது பெற்றோர் இட்ட பெயர். மார்த்தாண்ட வர்மரின் அரசுப்பணியில் இருந்தார். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி தெ லனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளிப்பவரானார். குடும்பத் துயரங்களால் கலங்கியிருந்த நீலகண்டர்க்கு யோபுவின் சரிதையை அவர் எடுத்துரைத்தார் என்பது மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குருவிடம் நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்றார். இலாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவமே தேவசகாயம்.

புதுவாழ்வு அவருடைய பழக்கங்களை மாற்றிற்று. உயர்ந்த குடியில் பிறந்தும் தாழ்த்தப்பட்ட மக்களோடு சமமாகப் பழகினார், உடனிருந்து உண்டார். 1749இல் கைது செய்யப்பட்டார். எருமை மீது பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராகக் கொண்டு சென்று அவமதித்தனர் என்று சரிதைகள் கூறுகின்றன. 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாற்றுச் சவேரியார் கோவிலில் அடக்கமாயிற்று. அவர் இறந்தது விசுவாசத்துக்காகவா, அரசத் துரோகக் குற்றச்சாட்டினாலா என்பதில் சரித்திராசிரியர் சிலர் வேறு கருத்துக் கொண்டுள்ளனர். ஆனால் கொச்சி மேற்றிராணியார் 1756லேயே அவர் மரணத்தை உரோமைக்கு எழுதித் தெரிவித்தார். மக்கள் நினைவோ அதற்கும் முந்தியது. 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15ஆம் நாள் உரோமாபுரியில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். குருவும் துறவியும் அல்லாத இந்தியர் ஒருவர் இந்நிலை எய்தியது அதுவே முதன்முறை.

இங்கே நாம் ஓர் உண்மையைக் கசப்பாயினும் சொல்ல வேண்டும். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872இல் எழுப்பிய கோவிலில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள் அமைந்தன. ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றச் சாதியார் மறு பக்கம், நடுவே தடுப்பு. 1910இல் குருக்கள் அத்தடுப்பை இடித்தனர். அதை எதிர்த்து எழுந்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கோவிலுக்குள் சாதிப் பிரிவினை கோரும் உரிமை எவர்க்கும் இல்லை என்ற தீர்ப்போடு முடிந்தது. சாதி கடந்து உண்டதற்காகப் பெயர் பெற்ற ஒருவரை நூற்றாண்டுக்கு மேல் போற்றிய மக்களிடையே அச்சுவர் எழுந்தது என்றால், போற்றுதல் வேறு, கற்றல் வேறு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அவர் பெயரின் பின்னே நின்ற பிள்ளை என்னும் சாதிப்பட்டமும் பலரின் முறையீட்டுக்குப் பின், புனிதர் பட்டம் வழங்கும் முன்னரே, நீக்கப்பட்டது. கல்லறையில் அடங்கி 270 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் பெயர் அவர் வாழ்வோடு ஒத்துநின்றது.

பாலக்காட்டிலும் மூணாற்றிலும் இப்பாடம் தேவையா என்று சிலர் வினவலாம். லயங்களிலும் சாதி மலையேறி வந்தது. கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் அது இன்னும் தலைகாட்டுகிறது. மொழியின் பெயராலும் மனங்கள் பிரியக்கூடும். தமிழ்த் திருப்பலிக்கு ஒரு நேரம், மலையாளத் திருப்பலிக்கு ஒரு நேரம் என்பது வசதிக்கான ஏற்பாடு; அது சுவராக மாறாதபடி காப்பது மக்களின் பொறுப்பு. நட்டாலத்துப் புனிதர் இரு மொழி மக்களுக்கும் உறவினர். இரு மாநிலத்தாரும் அவரைத் தம்மவர் என்று உரிமை கொண்டாடலாம். அவர் நினைவுநாள் ஜனவரி 14. பொங்கலை ஒட்டி வரும் அந்நாள், உழைப்பவர் வீட்டில் பானை பொங்கும் காலம்.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. 70 உயிர்கள் மாண்டன. மாண்டவருள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளுமே. கொட்டும் மழையில், பெருந்தொற்று நிலவிய நாட்களில், அண்டையிலிருந்த உழைப்பாளரும் மீட்புப் படையினரும் வாரக்கணக்கில் சேற்றைத் தோண்டினர். புதைந்தவன் எந்தக் கோவிலுக்குப் போனவன் என்று அங்கே எவரும் கேட்டுத் தோண்டியிருக்க இயலாது. இவர்களுள் எவர் பெயரும் உரோமாபுரியில் வாசிக்கப்படப் போவதில்லை. எனினும் இரேனாளின் கை அங்கே இருந்தது என்று நாம் துணிந்து சொல்வோம்.

விசுவாசத்தைப் பேணுவது என்றால் சுரூபத்துக்கு மாலை சூட்டுவதும் தேர் இழுப்பதும் மட்டும் ஆகாது. அவை வேண்டியனவே, ஏழையின் வாழ்வில் திருவிழாவைப் பறிப்பது கொடுமை. ஆயினும் தேர் நிலைக்கு வந்த பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்தப் புனிதர் உண்மையில் என்ன செய்தார் என்று பிள்ளைகளுக்கு ஒருவர் சொல்லித் தரலாம். அந்தோணியாரைச் சொல்லும்போது கடனைப் பற்றிச் சொல்லட்டும். செபஸ்தியாரைச் சொல்லும்போது நோயாளியைப் பற்றிச் சொல்லட்டும். தேவசகாயத்தைச் சொல்லும்போது பந்தியைப் பற்றிச் சொல்லட்டும். உபதேசியார் இல்லாத லயத்தில் பாட்டிமாரே சொல்லலாம். நூற்றாண்டுக்கு முன் செபமாலையை மடியில் முடிந்துகொண்டு மலையேறி வந்தவர்கள் அத்தகைய பாட்டிமாரே அல்லவா? அவர்கள் காத்துக் கொடுத்த விசுவாசம் அடுத்த தலைமுறையின் நடத்தையில் தெரியுமானால், அப்புனிதர்களிடம் நாம் கற்றோம் என்று சொல்லும் தகுதி நமக்கும் உண்டாகும்.